மொட்டையானாலும் வெட்டிடாதீங்க! வீட்டுத் தோட்டத்தில் செண்பகம் வளர்ப்போம்



போன கூட்டமைப்புக் கூட்டத்தில் சேமிப்பு, வசூல், தணிக்கை எல்லாம் பேசி முடித்து எல்லோரும் டீ குடித்துக்கொண்டிருந்தோம். அப்போது பொத்தேரி உறுப்பினர் ஒருவர், "நம்ம செய்தி மடல்ல செண்பக மரத்தைப் பத்தி எழுதுங்கக்கா. எனக்கு நடந்தது இன்னொருத்திக்கு நடக்க வேணாம்" என்றார். சொல்லும்போதே அவர் குரல் கம்மிவிட்டது. அவருக்கு என்ன நடந்தது என்பதை முதலில் பார்ப்போம்.

2022 ஆடி மாதம் பொத்தேரிக் குழுவைச் சேர்ந்த 5 பேர் சேர்ந்து ஒட்டுச் செண்பகக் கன்று வாங்கினார்கள். ஒரு கன்று 400 ரூபாய். இந்த அக்கா கையில் காசு இல்லாததால் குழுவில் உள்கடன் வாங்கித்தான் கன்று எடுத்தார். வீட்டுக்குப் பின்பக்கம் நட்டார். கன்று நன்றாகவே வந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை பெய்தது நம் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். அப்போது அவர் தோட்டத்தில் 4 நாள் தண்ணீர் நின்றது. மழைக்குப் பிறகு இலை பழுக்க ஆரம்பித்தது. பங்குனி வெயிலில் மிச்சம் இருந்ததும் கொட்டி, மரம் மொட்டையாக நின்றது. "பட்ட மரம் வீட்டுல நிக்கக்கூடாது" என்று பக்கத்தில் யாரோ சொல்ல, வீட்டுக்காரர் ஒரு சாண் உயரம் மட்டும் விட்டு வெட்டிப் போட்டுவிட்டார். உள்கடனின் கடைசித் தவணையை அக்கா கட்டியதும் அதே மாதம்தான்.

மூன்று தெரு தள்ளி இருக்கும் இன்னொரு உறுப்பினர் வீட்டிலும் அதே கன்றுதான். அதே மழையில் அதுவும் மொட்டையானது. ஆனால் அவர் மாமியார், "இருக்கட்டும்மா, சித்திரை போகட்டும், பாத்துக்கலாம்" என்று தடுத்துவிட்டார். சித்திரை பாதியில் கிளை நுனியில் பச்சை தெரிந்தது. நாங்கள் போய்ப் பார்த்தோம். இன்று அந்த மரம் பூத்து, தெரு முழுக்க மணக்கிறது.

இரண்டு வீட்டிலும் ஒரே மரம், ஒரே மழை. ஒருவர் பொறுத்தார், ஒருவர் வெட்டினார். வித்தியாசம் அவ்வளவுதான். அதனால் இந்த மாதம் செண்பகம் பற்றி முழுசாகத் தெரிந்துகொள்வோம்.

செண்பகம் யாருக்குச் சொந்தம்?

செல்போனில் சில சகோதரிகள் ஒரு மரத்தின் படத்தைக் காட்டி, "இதை நாம வைக்க முடியுமா?" என்று கேட்கிறார்கள். இலையே இல்லாத கிளையில் வெள்ளையும் ரோஸுமாகக் கிண்ணம் மாதிரி பெரிய பெரிய பூக்கள். அதன் பெயர் மேக்னோலியா. சீனா, ஜப்பான், கொரியா போன்ற குளிர் தேசங்களில் வளர்வது. அங்கே குளிர்காலம் வந்தால் எல்லா இலையையும் உதிர்த்துவிட்டுத் தூங்கும். குளிர் விலகியதும் இலை வருவதற்கு முன்பே பூத்துவிடும். அந்தத் தூக்கத்துக்கு நல்ல குளிர் வேண்டும். நம் தாம்பரம், கூடுவாஞ்சேரி, பொத்தேரிப் பக்கம் அந்தக் குளிர் ஏது? மே மாத வெயில் வேறு. படத்தைப் பார்த்து ஆசைப்பட்டு அந்தக் கன்றுக்குக் காசைக் கொடுத்துவிடாதீர்கள்.

ஆனால் வருத்தப்பட வேண்டாம். அந்தக் குடும்பத்தின் பிள்ளை ஒன்று நம்மிடமே இருக்கிறது. அதுதான் செண்பகம். முன்பு அறிவியல்காரர்கள் செண்பகத்தை மிச்சேலியா என்று தனியாக வைத்திருந்தார்கள். இப்போது மேக்னோலியாவோடு சேர்த்துவிட்டார்கள். நர்சரிப் பலகையில் எந்தப் பெயர் எழுதியிருந்தாலும் பயப்பட வேண்டாம், இரண்டும் ஒன்றுதான். நீலகிரி, பழநி மலைச் சோலைகளில் வெள்ளைப் பூ பூக்கும் காட்டுச் செண்பகமும் இதே குடும்பம்தான்.

நமக்கு இது புது மரமும் இல்லை. கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டில் வரும் 99 பூக்களில் சண்பகமும் ஒன்று. கும்பகோணம் பக்கத்தில் திருநாகேசுவரம் கோயிலின் தல மரம் செண்பகம். குற்றாலத்தில் ஓர் அருவிக்கே செண்பகாதேவி அருவி என்று பெயர்.

"வண்டு செண்பகத்தை அண்டாது" என்று பெரியவர்கள் சொல்வார்கள். இதிலும் விஷயம் இருக்கிறது. மேக்னோலியாக் குடும்பம் பூமியில் மிகப் பழைய பூக்குடும்பங்களில் ஒன்று. தேனீக்கள் பெருகுவதற்கு முன்பே வந்தது என்கிறார்கள். அதனால் இந்தப் பூவைத் தேடி வருவது பெரும்பாலும் தேன் குடிக்கும் வண்டு இல்லை, மகரந்தம் தின்னும் சின்னஞ்சிறு வண்டுகள்தான்.

கன்று வாங்கும்போது ஏமாறாதீங்க

நம் பணம் வியர்வை சிந்திச் சேர்த்த பணம். எனவே நர்சரியில் இந்த நாலு விஷயத்தைக் கவனியுங்கள்.

1. பால் வருகிறதா? "சம்பா" என்று கேட்டால் சில இடங்களில் பெருங்கள்ளிச் செடியைக் கொடுத்துவிடுவார்கள். கோயில்களில் வெள்ளையும் மஞ்சளுமாகத் தடித்த கிளையில் பூக்குமே, அதுதான். அது அரளிக் குடும்பம். இலையைக் கிள்ளிப் பாருங்கள். பால் வந்தால் அது செண்பகம் இல்லை.

2. மோதிரம் இருக்கிறதா? செண்பகக் கிளையில் ஒவ்வொரு இலைக்காம்பு இருக்கும் இடத்திலும் கிளையைச் சுற்றி மெல்லிய வளையம் ஒன்று, மோதிரம் போட்ட மாதிரி இருக்கும். மேக்னோலியாக் குடும்பம் முழுவதற்கும் இந்த அடையாளம் உண்டு.

3. ஒட்டுக் கன்றா, விதைக் கன்றா? இதுதான் முக்கியம். விதையில் முளைத்த கன்று பூக்க 8 முதல் 10 வருஷம்கூட ஆகலாம். ஒட்டுக் கன்று 2, 3 வருஷத்தில் பூக்கும். ஒட்டுக் கன்றின் தண்டில் அடிப்பக்கம் ஒட்டுப் போட்ட தழும்பும் லேசான வளைவும் கட்டாயம் தெரியும். தெரியவில்லை என்றால் ஒட்டு விலை கொடுக்காதீர்கள்.

4. எந்த நிறம்? மஞ்சள், ஆரஞ்சு நிறப் பூவே நம் பழைய செண்பகம். இது பெரிய மரமாகும். வெள்ளைச் செண்பகம் கலப்பு வகை, இதழ் நீளமாக இருக்கும். இதில் விதை பிடிப்பது அபூர்வம். ஒட்டு அல்லது பதியன் முறையில்தான் கன்று உண்டாக்க வேண்டும். இடம் குறைவாக உள்ளவர்களுக்கு வெள்ளை ஒட்டுக் கன்று ஏற்றது.

எங்கே நடுவது?

காட்டில் செண்பகம் 100 அடிகூட உயரும். வீட்டுத் தோட்டத்தில் அவ்வளவு போகாது என்றாலும், சுவரிலிருந்து குறைந்தது 15 அடி தள்ளி நடுங்கள். மின்கம்பிக்குக் கீழே வேண்டாம். கழிவறைத் தொட்டிக்குப் பக்கத்திலும் வேண்டாம். காலை வெயில் நன்றாகப் பட வேண்டும். மதிய வெயிலுக்குக் கொஞ்சம் நிழல் கிடைத்தால் இளங்கன்றுக்கு நல்லது.

எல்லாவற்றையும்விட முக்கியமானது தண்ணீர் தேங்காத இடம். செண்பக வேர் சதைப்பற்றுள்ள வேர். அதற்கு ஈரமும் வேண்டும், காற்றும் வேண்டும். நாள் கணக்கில் தண்ணீர் நின்றால் வேர் மூச்சு முட்டி அழுகிவிடும். ஏரிப் பக்கம், களிமண் பூமி, பள்ளமான மனை என்றால் குழியில் நடாதீர்கள். ஒன்றரை அடி உயரம், 4 அடி அகலத்துக்கு மண்ணை மேடாகக் கொட்டி, அதன் மேல் நடுங்கள். ஓரத்தில் தண்ணீர் வடிய ஒரு வாய்க்கால் வெட்டுங்கள். அந்த அக்கா வீட்டில் இந்த ஒன்றைச் செய்திருந்தால் பாதிக் கஷ்டம் வந்திருக்காது.

நடும் முறை

"ஆடிப் பட்டம் தேடி விதை" என்பது இதற்கும் பொருந்தும். நமக்குப் பெரிய மழை ஐப்பசி, கார்த்திகையில்தான். ஆடி, ஆவணியில் நட்டால் அதற்குள் வேர் பிடித்துக்கொள்ளும்.

மேட்டு நிலத்தில் நீள, அகல, ஆழம் தலா 2 அடி வைத்துக் குழி எடுங்கள். ஒரு வாரம் ஆற விடுங்கள். மேல்மண் 2 பங்கு, நன்றாக மக்கிய தொழு உரம் 1 பங்கு, மணல் 1 பங்கு கலந்து, 2 கைப்பிடி வேப்பம்பிண்ணாக்கும் சேர்த்து நிரப்புங்கள். பச்சைச் சாணம் போடக்கூடாது, சூட்டில் வேர் கருகும்.

கன்றின் பையைக் கத்தியால் கிழித்து, மண்கட்டி உடையாமல் எடுங்கள். வேர் அடிபட்டால் செண்பகம் சீக்கிரம் தேறாது. ஒட்டுப் போட்ட இடம் மண்ணுக்கு மேல் ஒரு கை அகலமாவது வெளியே தெரிய வேண்டும். ஒட்டை மண்ணில் புதைத்துவிடாதீர்கள். ஒட்டின் மேல் சுற்றிய பிளாஸ்டிக் நாடா இன்னும் இருந்தால், ஒட்டு நன்றாகச் சேர்ந்த பிறகு அவிழ்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் தண்டை இறுக்கிவிடும்.

பக்கத்தில் ஒரு மூங்கில் கொம்பு நட்டு, பழைய புடவைத் துணியால் தளர்வாகக் கட்டுங்கள். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயலில் நம் பக்கம் எத்தனை மரம் விழுந்தது என்று தெரியும். இளமரத்துக்கு முதல் 2 வருஷம் துணை வேண்டும்.

நட்ட பிறகு அடிக்கடி கொத்திவிடாதீர்கள். வேர் மேலாக ஓடும். இடம் மாற்றவும் யோசிக்காதீர்கள்.

தண்ணீரும் உணவும்

முதல் வருஷம் கோடையில் ஒன்று விட்டு ஒரு நாள் ஒரு குடம் தண்ணீர் போதும். விரலை மண்ணில் இரண்டு கணு ஆழம் விட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் ஊற்ற வேண்டாம். காய்ந்திருந்தால் ஊற்றுங்கள். மூன்றாம் வருஷத்துக்கு மேல் கோடையில் வாரம் இரண்டு தடவை ஆழமாக ஊற்றினால் தாங்கும்.

காய்ந்த இலை, தென்னை நார்க்கழிவு, வைக்கோல் எதுவாக இருந்தாலும் 3 விரல் கனத்துக்கு மூடாக்குப் போடுங்கள். தண்டை ஒட்டிப் போடாமல் ஒரு சாண் தள்ளிப் போடுங்கள்.

துணி துவைத்த தண்ணீரைச் செண்பகத்துக்கு விடாதீர்கள். வாழைக்கு விடுகிறோமே என்று நினைக்கலாம். சோப்பில் உள்ள காரம் செண்பகத்துக்கு ஆகாது. லேசான புளிப்புத் தன்மை உள்ள மண்ணே இதற்குப் பிடிக்கும். உப்புத் தண்ணீர் போர்வெல்லாக இருந்தாலும் இதே தொல்லைதான். இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால், மரத்துக்கு இரும்புச்சத்து கிடைக்கவில்லை என்று அர்த்தம். நமக்கு ரத்த சோகை வருகிற மாதிரிதான். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் அன்னபேதி உப்பும் கொஞ்சம் எலுமிச்சைச் சாறும் கலந்து, வெயில் தாழ்ந்த பிறகு இலையில் தெளியுங்கள். 15 நாள் கழித்து இன்னொரு முறை தெளிக்கலாம். கூடவே மக்கிய உரம் போடுங்கள். மழைத் தண்ணீரைப் பிடித்து ஊற்றினால் இன்னும் நல்லது.

ஆடியிலும் தையிலும் மரத்துக்கு ஒரு கூடை மக்கிய தொழு உரமோ மண்புழு உரமோ போதும்.

இலை கொட்டினால் என்ன செய்வது?

இப்போது நம் கதைக்கு வருவோம். குளிர் தேசத்து மேக்னோலியா மாதிரி செண்பகம் வருஷா வருஷம் முழுக்க மொட்டை அடிக்காது. பழைய இலையைக் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்த்துப் புதுசு விடும். ஆனால் கஷ்டம் வந்தால் இலையைக் கைவிட்டுவிட்டு உயிரைக் காப்பாற்றிக்கொள்ளும். வறட்சி, நீர்த்தேக்கம், இடம் மாற்றிய அதிர்ச்சி இதெல்லாம் அதற்குக் கஷ்டம்தான். வீட்டில் வருமானம் குறைந்தால் நாம் செலவைச் சுருக்குகிறோம் இல்லையா? மரமும் அப்படித்தான்.

மரம் மொட்டையானால் கோடரியைத் தேடாதீர்கள். இந்தச் சோதனையைச் செய்யுங்கள்.

1. மெல்லிய கிளையை நகத்தால் லேசாகச் சுரண்டுங்கள். உள்ளே பச்சையாக, ஈரமாக இருந்தால் உயிர் இருக்கிறது.

2. பழுப்பாக, காய்ந்து இருந்தால் அடுத்துத் தடித்த கிளையில் பாருங்கள். பிறகு ஒட்டுக்கு மேலே நடுத்தண்டில் பாருங்கள். எங்கே பச்சை தெரிகிறதோ அதுவரை மரம் பிழைத்திருக்கிறது.

3. கிளையை வளைத்துப் பாருங்கள். உயிருள்ளது வளையும், பட்டுப்போனது படக்கென்று ஒடியும்.

உயிர் இருந்தால் செய்ய வேண்டியது: தண்ணீர் தேங்கியிருந்தால் வடித்துவிடுங்கள். மண் ஈரமாக இருக்கும்வரை மேலும் ஊற்றாதீர்கள். காய்ந்திருந்தால் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். உரம் எதுவும் போடாதீர்கள். காய்ச்சல்காரருக்குப் பிரியாணி கொடுப்போமா? காய்ந்த நுனிகளை மட்டும், பச்சை தெரியும் இடத்துக்குச் சற்று மேலே வெட்டுங்கள். பிறகு குறைந்தது 2, 3 மாதம் பொறுங்கள்.

அந்த அக்கா வெட்டிய மரம் என்ன ஆனது தெரியுமா? அதுவும் அடியிலிருந்து துளிர்த்தது. எல்லோரும் சந்தோஷப்பட்டோம். ஆனால் பார்த்தால், ஒட்டு இருந்த இடம் வெட்டுக்கு மேலே போய்விட்டது. துளிர்த்தது ஒட்டுக்குக் கீழே இருந்த வேர்க்கன்று. அதாவது விதைச் செண்பகம். அது பூக்க இனிமேல் பல வருஷம் காத்திருக்க வேண்டும். 400 ரூபாய் கொடுத்து வாங்கிய காலத்தை ஒரே வெட்டில் இழந்துவிட்டார்.

நல்ல மரத்திலும் ஒட்டுக்குக் கீழே துளிர் வரும். அதை வரும்போதே கிள்ளிவிடுங்கள். விட்டால் அது மேல் பாகத்தின் சத்தை இழுத்துக்கொள்ளும்.

பூச்சி வந்தால்

மாவுப்பூச்சி, செதில் பூச்சி தண்டிலும் இலையடியிலும் ஒட்டிக்கொண்டு சாறு உறிஞ்சும். எறும்பு வரிசையாக ஏறினால் சந்தேகப்படுங்கள். ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் சிறிது சோப்புக் கரைசலும் கலக்கித் தெளியுங்கள்.

பச்சைப் புழு இலையைத் தின்றால் உடனே மருந்து அடிக்காதீர்கள். கறுப்பு இறக்கையில் பச்சைப் பொட்டு வைத்த ஒரு வண்ணத்துப்பூச்சி, செண்பகத்திலும் நெட்டிலிங்கத்திலும் முட்டையிடும். நாலு இலை போனால் போகட்டும். கன்று ரொம்பச் சின்னதாக இருந்தால் மட்டும் கையால் எடுத்து விடுங்கள்.

உறுப்பினர்கள் கேட்ட கேள்விகள்

செண்பக வாசத்துக்குப் பாம்பு வருமா?
வாசத்துக்கு வராது. எலி, தவளை, குப்பை மேடு இருந்தால் எந்த மரத்தடிக்கும் வரும். மரத்தடியைச் சுத்தமாக வையுங்கள்.

தொட்டியில் வளருமா?
வெள்ளை ஒட்டுச் செண்பகம் 2 அடி அகலப் பழைய டிரம்மில் வளரும். அடியில் ஓட்டைகள் அவசியம். தினமும் கவனிக்க வேண்டும்.

பூ விற்றுப் பிழைக்க முடியுமா?
ஒரு மரத்தை நம்பிக் கடன் வாங்காதீர்கள். செண்பகம் சாயங்காலம் விரிய ஆரம்பித்து இரவெல்லாம் மணக்கும். பறித்த பூ சீக்கிரம் வாடிவிடும். விடியற்காலையில் பறித்து, ஈரத்துணியில் அல்லது வாழையிலையில் வைத்து உடனே பக்கத்துக் கோயிலுக்கோ பூக்கடைக்கோ கொடுத்தால் கைச்செலவுக்கு ஆகும். சேர்ந்து செய்ய வேண்டுமானால் கன்று உற்பத்தி நல்ல யோசனை. மஞ்சள் செண்பகத்தின் காய் வெடித்ததும் சிவப்புச் சதை மூடிய விதை தெரியும். பறவை கொத்துவதற்கு முன் எடுத்து, மணலில் தேய்த்துக் கழுவி உடனே விதைக்க வேண்டும். காய்ந்த விதை முளைக்காது. முளைக்க ஒரு மாதத்துக்கு மேலேயும் ஆகலாம். அந்தக் கன்றுகளில் ஒட்டுக் கட்டக் கற்றுக்கொண்டால் விலை கூடும். நம் பக்கத்திலேயே காட்டுப்பாக்கத்தில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. வட்டாரத் தோட்டக்கலை அலுவலகமும் இருக்கிறது. பயிற்சி கிடைக்குமா என்று குழுவாகப் போய்க் கேளுங்கள். தனியாகப் போவதைவிட தீர்மானம் போட்டு 10 பேராகப் போனால் மதிப்பு அதிகம்.

கடைசியாக ஒரு வார்த்தை

நம் குழுக்களிலும் சில சமயம் இலை கொட்டும். வசூல் குறையும், வருகை குறையும், "இந்தக் குழு செத்துப்போச்சு, கலைச்சிடலாம்" என்று பேச்சு வரும். அப்போதும் முதலில் நகத்தால் சுரண்டிப் பார்ப்போம். பச்சை இருக்கிறதா என்று பார்ப்போம்.

அந்த அக்கா இப்போது என்ன செய்கிறார் தெரியுமா? அடியில் துளிர்த்த கன்றை அவர் பிடுங்கவில்லை. மண்ணை மேடாக அணைத்து, வாய்க்கால் வெட்டி, கொம்பு கட்டியிருக்கிறார். பூத்த வீட்டு உறுப்பினர், "என் மரத்துக் குச்சியை எடுத்து இதுல ஒட்டுக் கட்டிக்கலாம் அக்கா" என்று சொல்லியிருக்கிறார். வருகிற ஆடியில் இருவரும் சேர்ந்து கட்டப் போகிறார்கள். ஒட்டு பிடித்ததா என்று அடுத்த ஆவணி மடலில் எழுதுகிறோம்.

உங்கள் வீட்டுச் செண்பகம் எப்படி இருக்கிறது? அடுத்த குழுக் கூட்டத்தில் இதைப் படித்துக் காட்டிப் பேசுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத சகோதரிகளுக்கு ஊக்குநர் வாசித்துச் சொல்லுங்கள்.